பெரிய பொண்ணுக்கு வந்த பதில்

ஒரு காலத்தில் நான் ஊரார் மெசேஜையெல்லாம் படித்தவள். திருட்டுத்தனமாகப் படித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களே வந்து சொன்னார்கள், நான் தட்டினேன், அனுப்பினேன், வந்த பதிலையும் நானே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படிக்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டால் எனக்கு நியாயம் இருந்தது. ஆனால் எழுதி முடித்த பிறகும் அதை மனசில் வைத்துக்கொண்டு, வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அசைபோட்டேன் பாருங்கள், அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நடந்தது இது. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் என் அண்ணன் ஒரு கடை வைத்திருந்தான். ஜெராக்ஸ், பிரவுசிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பலகையில் எழுதியிருக்கும். நான்கு கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் பழுது. நான் தபாலில் டிகிரியை முடித்துவிட்டு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு வாய் நீளம் என்று கேள்விப்பட்டு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் ஹாஸ்டல். கல்யாண மண்டபமாகக் கட்ட ஆரம்பித்து, கம்பெனிகள் வந்ததும் மனசு மாறி, மேலே இரண்டு மாடி எழுப்பிக் கட்டிலாகப் போட்டு நிரப்பிய கட்டடம். ஒரு காண்ட்ராக்டர் அதை எடுத்து, எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்காகத் வெளியூர்ப் பெண்களை, பெரும்பாலும் தெற்கத்திப் பெண்களை, கூட்டிவந்து தங்க வைத்திருந்தார். கல்யாணம் ஆகாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். ஆனவர்கள் லீவு கேட்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள் என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் கல்யாணம் ஆகாதவர்களை அடைத்து வைத்த புத்தியை நான் அடிக்கடி கிண்டல் செய்வேன்.

ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வார்டன் அம்மா அறையில் ஒரு போன் இருந்தது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் பேசலாம், பேசும்போது வார்டன் அம்மா பக்கத்திலேயே நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருப்பார். அப்படிப் பேசி என்ன பேசுவது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை பெஞ்சுச்சா, பெஞ்சுச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அந்தப் பெண்கள் குளித்து, ஈரத் தலையோடு என் கடைக்கு வந்துவிடுவார்கள்.

அப்போது காசில்லாமல் மெசேஜ் அனுப்ப ஒரு இணையதளம் இருந்தது. நம் போன் நம்பரைக் கொடுத்துச் சேர வேண்டும், கடவுச்சொல் அந்த நம்பருக்கே வரும். பிறகு கம்ப்யூட்டரில் தட்டி, எந்த ஊர் போனுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இந்தப் பெண்களிடம் நம்பரே இல்லையே. நான் என் வாக்காளர் அட்டையைக் கொடுத்து ஒரு சிம் வாங்கி, கடைக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினேன். அத்தனை பேருடைய மெசேஜும் அந்த ஒரே கணக்கிலிருந்து போகும், கீழே கடை நம்பர் இருக்கும், பதில் கடை போனுக்கு வரும். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் நல்ல காரியமும்தான்.

ஓசியில் கொடுப்பவன் சும்மா கொடுப்பானா. ஒவ்வொரு மெசேஜின் வாலிலும் ஒரு விளம்பரம் ஒட்டிக்கொண்டு போகும். ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, 'அப்பா நான் நல்லா இருக்கேன், கவலப்படாதீங்க' என்று அனுப்பினாள். அதன் கீழே நல்ல வரன் வேண்டுமா, உடனே பதிவு செய்யுங்கள் என்று போயிருக்கிறது. மகள்தான் வரன் கேட்கிறாள் என்று எண்ணி அந்த மனிதர் ராத்திரி பஸ் ஏறி, காலையில் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பெண் மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். போன வாரம்தான் அவள் தன் தோழிக்கு ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தாளாம். "அவனுங்க படிச்சிட்டுத்தான் இத ஒட்டுறானுங்களாக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

பெயர் போடவா என்று ஆரம்பத்தில் ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன். வேண்டாம் என்பார்கள். ஊரில் அந்த மெசேஜ் போய் விழுவது பக்கத்து வீட்டுக்காரர் போனிலோ, ரீசார்ஜ் கடைக்காரர் போனிலோதான். வயசுப் பெண்ணின் பெயர் அங்கே கிடக்க வேண்டாம் என்று நினைத்தார்கள். அதனால் 'உங்க பெரிய பொண்ணு', 'உன் அக்கா', 'கடைசி மக' என்று முறையைச் சொல்லி முடிப்பார்கள். பதிலும் அப்படியே வரும். நான் அதைச் சீட்டில் எழுதி, மடித்து, மேலே 'கடைசி மக' என்றோ 'அக்கா' என்றோ குறித்து, பில் குத்தும் கம்பியில் குத்தி வைப்பேன். அந்த ஹாஸ்டலில் மூன்று பெரிய பொண்ணுகள் இருந்தார்கள். எனக்கு மூன்று பேரையும் தெரியும், குழப்பம் வராது என்று எனக்கு என்மேல் ரொம்ப நம்பிக்கை.

அந்த மூவரில் ஒருத்தி சங்கரன்கோவில் பக்கம். இருபத்திரண்டு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள், கடைசி ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவாள். வாரா வாரம் அம்மாவுக்கு அவள் கேட்பதெல்லாம் தங்கச்சியைப் பற்றித்தான். தங்கச்சி ராத்திரி அழுதாளா, தங்கச்சிக்குச் சளி விட்டுச்சா, தங்கச்சிக்கு வெந்நீர் கொடுங்க. நான் முதலில், செல்லம் கொடுத்து வளர்த்த தங்கச்சி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'தங்கச்சிக்குப் பல் முளைச்சிருச்சா' என்று அனுப்பச் சொன்னாள். என் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் தட்டி முடித்தேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளையும் இருக்கிறது. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கழுத்தைக் காலியாக்கிக்கொண்டு, பாரத்தில் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதி வந்து சேர்ந்திருக்கிறாள். தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். அங்கே பிள்ளைக்குப் பால் வாங்குவது இவளுடைய இந்தச் சம்பளத்தில்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் வந்ததும், "என்ன, தங்கச்சி சௌக்கியமா?" என்று ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கேட்பேன். அவளும் சிரித்து, "நல்லா இருக்காக்கா" என்பாள். எங்கள் குடும்பம் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். ஈஸ்டர் பெரிய திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, அண்ணியிடம் எரிந்து விழுந்தது வரைக்கும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் மெசேஜை ருசித்துப் படித்ததை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை கடை போனுக்கு ஒரு பதில் வந்தது. 'பெரிய பொண்ணுக்கு. உன் மக நடந்துட்டா' என்று ஆரம்பித்து, கீழே இன்னும் மூன்று வரி. அந்த அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தங்கச்சி என்ற பொய் மறந்துபோயிருக்கிறது. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. முதல் வரியை மட்டும் சீட்டில் எழுதினேன். மிச்சத்தை அவள் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும் என்று ஆசை. மேலே 'பெரிய பொண்ணு' என்று குறித்துக் கம்பியில் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒருவருக்கு வேலை விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தேன், அவர் தன் பிறந்த தேதியையே இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வந்தவாசிக்காரி வந்தாள். மூன்று பெரிய பொண்ணுகளில் இன்னொருத்தி, வாயாடி, அதில் என் ஜாதி. "எனக்கு எதுனா வந்துகீதாக்கா?" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, 'பெரிய பொண்ணு' என்றிருந்த சீட்டை உருவிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சங்கரன்கோவில்காரி அன்று கடைக்கு வரவே இல்லை, ஓவர்டைம் போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் வார்டன் அம்மாவும் காண்ட்ராக்டருடைய சூப்பர்வைசரும் கடைக்கு வந்தார்கள். சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் கையெழுத்து. அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

"இன்னாம்மா, இது நீ எழுதுனதுதானே?"

"ஆமா சார்."

"யாருக்கு வந்துச்சு?"

"மேலயே போட்டுகீதே சார். பெரிய பொண்ணுக்கு."

"மூணு பேர் கீறாங்க. அதுல யாரு?"

வார்டன் அம்மா நடந்ததைச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தில் வந்தவாசிக்காரி சீட்டைப் பிரித்து, எனக்கு மக பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டாளாம்டி என்று உரக்கப் படித்திருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வார்டன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் தனியா கூப்ட்டு கேட்டா, எனக்கு வந்ததுதான், தங்கச்சி கொழந்தைன்றா. அவ தங்கச்சி ஸ்கூல் படிச்சிக்கினு கீதுன்னு பாரத்துல எழுதிக் கொடுத்துகீறா" என்றார்.

வந்தவாசிக்காரி ஏன் பேச்சை மாற்றினாள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவள் பிடித்த கயிற்றை நானும் பிடித்துக்கொண்டேன்.

"சித்தி பொண்ணும் தங்கச்சிதானே சார். பாரத்துல சித்தி பொண்ணையெல்லாம் யாரு எழுதுறா. தங்கச்சி கொழந்தைன்னா அக்காக்காரிக்கு மகதான். உங்க தம்பி பொண்ணு உங்களுக்கு இன்னா முறை?"

"மகதான்" என்றார் சூப்பர்வைசர், தன்னையறியாமல். வார்டன் அம்மா அவரை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரி, அப்படியே இருக்கட்டும். அவங்க இங்கேர்ந்து அனுச்ச மெசேஜெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல கீதாமே. அத தொறந்து காட்டு. எந்த ஊருக்குப் போச்சு, இன்னா கேட்டு அனுச்சான்னு பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

அங்கேதான் வைத்தார் ஆப்பு. அந்தப் பக்கத்தைத் திறந்தால் தங்கச்சியும் பல்லும் சளியும் எல்லாம் வரிசையாக இருக்கும், எதிரே சங்கரன்கோவில் நம்பர் இருக்கும்.

"அது அவங்கவங்க வூட்டு விஷயம் மேடம். காட்ட முடியாது" என்றேன்.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. அண்ணனிடம் பேசிக்கொள்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தார். ஹாஸ்டல் பெண்களுக்கான கேட் பாஸ், போட்டோ, நூற்றுக்கணக்கில் ஜெராக்ஸ் எல்லாம் எங்கள் கடையில்தான் போட்டார்கள். அதை நிறுத்த அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அண்ணன் மூன்று மணிக்கெல்லாம் ஓடிவந்தான். "காட்டித் தொலையேன். யாரோ ஒரு பொண்ணுக்கோசரம் கடைய இழுத்து மூடச் சொல்றியா?" என்றான்.

"யாரோ இல்லண்ணா. என்னாலதான் மாட்டிக்கினா."

"நீ எதுக்கு படிச்ச? நீ எதுக்கு எழுதுன? அனுப்பினமா, வுட்டமான்னு இருக்கறத வுட்டுட்டு."

அவன் கேட்டது சரியான கேள்வி. அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. "காட்டமாட்டேன். நீ வேணா என்னை அடிச்சிக்கோ" என்றேன். கணக்கின் கடவுச்சொல் அவனுக்கும் தெரியும். கடைப் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. நாளைக்கு நான் வராவிட்டாலும் அவனே திறந்து காட்டிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை, கடைக்காரன்.

அவன் போட்டோ எடுக்கப் போன நேரத்தில் உட்கார்ந்தேன். அனுப்பியவை என்ற பக்கத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு கட்டம், அதில் டிக் போட்டுத்தான் அழிக்க வேண்டும். டிக் போடப் போனால் கண் எழுத்துக்குப் போகிறது. வழக்கம் அப்படி. ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து, கட்டங்கள் மட்டும் தெரியும்படி விட்டு, மீதித் திரைமேல் ஒட்டினேன். முதல் தடவையாக அந்தப் பெண்களின் மெசேஜ்களைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் அழித்து முடித்தால் அத்தனையும் குப்பை என்ற இன்னொரு பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதையும் காலி செய்தேன். அப்பாடா என்று பார்த்தால் மூலையில் வரலாறு என்று ஒரு பொத்தான். தட்டினேன். எந்த நம்பருக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை, எல்லாம் அப்படியே இருந்தது. நான் அழித்தவையும் இருந்தன. அந்தப் பக்கத்தில் அழிக்க ஒரு பொத்தானும் இல்லை. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தனுடைய மெஷினில் இந்தப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இருக்கின்றன, அதை அங்கே கொண்டுபோய்க் கொட்டியவள் நான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம் போய்விடும் என்று அழவில்லை.

கணக்கை மூட வழி தேடினேன், இல்லை. அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தயவுசெய்து எங்கள் மெசேஜ்களை நீக்கிவிடுங்கள், ஒருத்தியின் வேலை போய்விடும் என்று. உடனே பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி, அதன் கீழே வீட்டுக் கடன் விளம்பரம். சரி, உங்களிடம் இருப்பதை என்னால் பிடுங்க முடியாது, இங்கிருந்து போகும் கதவையாவது மூடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த சொல்லாக வைத்தால் என்னை மிரட்டி வாங்கிவிடுவார்கள், என் தைரியம் எனக்குத் தெரியும். வேறொரு பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த எழுத்தையெல்லாம் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே அதை நகல் எடுத்து, பிறகு திறந்து, கேட்ட இரண்டு இடத்திலும் ஒட்டினேன். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. அந்தப் பக்கத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு வெளியே வந்தேன். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டால் புதுசு அந்த சிம்முக்குத்தான் வரும். போனிலிருந்து சிம்மைக் கழற்றினேன். போட்டோ வெட்டும் கத்தரிக்கோலால் அதை நான்காக வெட்டினேன். என் பெயரில் வாங்கிய சிம், என்னைத் தவிர வேறு யாரும் திரும்ப வாங்க முடியாது. நான் வாங்கப் போவதில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தபோது உண்மையைச் சொன்னேன். கடவுச்சொல் எனக்கே தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அண்ணன் உட்கார்ந்து பழைய கடவுச்சொல்லை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். பிறகு அவர் எழுந்து, கேட் பாஸ் வேலையை ஸ்ரீபெரும்புதூரில் கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போய்விட்டார். சீட்டையும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் தவக்காலம் தொடங்கியது, ஈஸ்டருக்கு முன் கறி தின்னாத நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் அண்ணன் கறியோடு சேர்த்து என்னையும் விட்டுவிட்டான், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். இனி அந்த நம்பர் இல்லை, பதில் வராது, இதுவரை அனுப்பியதெல்லாம் எங்கோ இருக்கிறது, என்னால் அழிக்க முடியவில்லை. சிலர் திட்டினார்கள். "எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காருன்னு சேதி வர வேண்டியது, இப்ப நான் எங்க போவேன்?" என்று ஒருத்தி கத்தினாள். என் சொந்த போனைக் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். திட்டு எனக்கு வேண்டியதுதான்.

வந்தவாசிக்காரி வந்தாள். ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "படிச்சிட்டு நிமுந்து பாத்தேன்க்கா. எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்கோ. ஒருத்தி மட்டும் சிரிக்கிற மாதிரி இருந்தா. அப்பவே தெரிஞ்சிபோச்சி" என்றாள். வார்டன் அம்மா அவளை இரண்டு தடவை மிரட்டிப் பார்த்திருக்கிறார். தங்கச்சி மக எனக்கு மகதான் என்பதிலிருந்து அவள் இம்மி நகரவில்லை. வேறு அத்தாட்சி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கடைசி ஆளாக அவள் வந்தாள், சங்கரன்கோவில்காரி. மூன்று கம்ப்யூட்டரையும் அணைத்திருந்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் சிரிச்சேன்க்கா" என்றாள். "எம்புள்ள நடந்துட்டாளாம்னு கேட்டு, எல்லாரு கூடயும் சேந்து நானும் சிரிச்சேன். சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சிரிச்சேன்."

மன்னித்துக்கொள் என்றேன்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "பல்லு மொளைச்சிதான்னு கேட்டியே, அன்னிக்கு" என்றேன்.

"அப்பம் தெரிஞ்சுதான் தங்கச்சி சௌக்கியமான்னு கேட்டீங்களா வாரா வாரம். நான் வெள்ளந்தியா பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில் சாமியாருக்கும் நமக்கும் நடுவே ஒரு வலை இருக்கும். அது முகம் தெரியாமல் இருக்க என்றுதான் நினைத்திருந்தேன். கேட்பவன் எல்லை தாண்டக் கூடாது என்பதற்கும்தான் அந்த வலை என்று அன்று தோன்றியது. என் கடையில் வலை இல்லை. என் வாயிலாவது இருந்திருக்க வேண்டும்.

போவதற்கு எழுந்தவள் நின்றாள். "அந்தச் சீட்டையாவது குடுங்கக்கா."

"அவங்க எடுத்துக்கினு போயிட்டாங்க."

"போன்ல இருக்குமா?"

"சிம்ம வெட்டிட்டேன். போனையும் சுத்தமா அழிச்சிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "ஆனா அது முழுசு இல்ல. நான் சீட்டுல ஒரு வரிதான் எழுதுனேன். இன்னும் மூணு வரி கீது. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்" என்றேன்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதருகே, வந்தது வந்தபடி சொன்னேன். பெரிய பொண்ணுக்கு என்று ஆரம்பித்துக் கடைசி வார்த்தை வரைக்கும். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவை நான் சொல்லும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் இருந்த வரைக்கும் யாருக்காகவும் கணக்குத் தொடங்கவில்லை. அவரவர் கணக்கு, அவரவர் விரல். எனக்குத் தட்டத் தெரியாதே என்றவர்களை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். எழுந்து போகும்போது வெளியே வந்தாயா, கடவுச்சொல்லைச் சேமிக்காதே என்று தொண்டை கிழியக் கத்துவேன். ரொம்ப ராங்கி என்று பெயர் வாங்கினேன். அந்த நிறுவனத்துக்கு இன்னும் பதினொரு கடிதம் எழுதினேன், பதினொரு விளம்பரம் வந்தது. கடைசியில் அந்தத் தளமே ஒருநாள் காணாமல் போயிற்று. அதில் இருந்ததெல்லாம் எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தாள். பிறகு குன்றத்தூரில் ஒரு அறை எடுத்து, அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிவந்துவிட்டாள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "ஊர மாத்திப் போடுங்க, மத்தபடி எழுதிக்கிடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். பல்லும் சளியும் அவள் அனுமதித்தவை, சாப்பாட்டுக் கூடம் கேட்டுச் சிரித்த முதல் வரியும் அப்படியே.

அந்த மூன்று வரிகளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஒரு எழுத்து மறக்காமல் எனக்கு நினைவிருக்கிறது. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.